செக்கரியா கேட்ட எழுதுபலகை

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், யூதேய மலைநாட்டு வீடொன்றில் நிகழும் ஒரு காட்சி நாம் அனைவரும் அறிந்ததே. குழந்தை பிறந்து எட்டாம் நாள். உற்றாரும் அண்டை வீட்டாரும் கூடியிருக்கின்றனர். தந்தையின் பெயரையே குழந்தைக்கும் இடுவதென அவர்கள் தாங்களாகவே முடிவு செய்துவிட்டனர். தாய் எலிசபெத்து மறுக்கிறார். உறவினருள் எவருக்கும் இல்லாத பெயரொன்றை அவர் சொல்வது அவர்களுக்கு விளங்கவில்லை. பல மாதங்களாகப் பேச்சிழந்திருக்கும் செக்கரியாவை நோக்கிச் சைகையால் வினவுகின்றனர். அவர் எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, குழந்தையின் பெயர் யோவான் என எழுதிக் காட்டுகிறார். கூடியிருந்தோர் வியப்பில் ஆழ்கின்றனர்.

சைகையால் வினவினர் என்னும் குறிப்பைக் கொண்டு, செக்கரியா பேச்சோடு செவிப்புலனையும் இழந்திருந்தார் என்று விவிலிய விளக்கவுரையாளர் பலர் கருதுவர். அவ்வாறாயின், காது கேளாத ஒருவருக்கும் கேட்கும் ஊராருக்கும் இடையே அன்று பாலமாய் நின்றது அந்தச் சிறு பலகையே. பலகை இல்லாதிருந்தால் சுற்றத்தார் தாம் எதிர்பார்த்த பெயரையே இட்டு மகிழ்ந்திருப்பர். வழக்கம் ஒரு பெயரைச் சொன்னது. உண்மை வேறொரு பெயராக இருந்தது.

இக்காட்சி இப்போது நம் நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் காணொளியிலும், பேசப்படும் சொற்களைப் படத்தின் அடியில் எழுத்தாகக் காட்டும் வழக்கத்தை நாம் அறிவோம். 'சப்டைட்டில்' எனப் பலரும் குறிப்பிடும் இந்த எழுத்துவரிகள் கேட்கும் நமக்கு ஒரு வசதி. காது கேளாதோர்க்கோ செக்கரியாவின் எழுதுபலகை. நெடுங்காலம் மனிதரே எழுதிவந்த அப்பலகையை இன்று கணிப்பொறி தானாகவே எழுதத் தொடங்கியுள்ளது. இந்நிலைக்கு நாம் வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

பேசும் படம் பறித்தது

திரைப்படம் பிறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது பேசாமலே இருந்தது. நடிகர் வாயசைப்பார், காட்சி நின்று, அவர் கூறியது எழுத்து அட்டையாகத் திரையில் தோன்றும். அக்காலத்தில் அரங்கினுள் அமர்ந்திருந்த காது கேளாதவரும் அவர் பக்கத்தில் இருந்தவரும் ஒரே கதையை, ஒரே நேரத்தில், ஒரே வழியில் அறிந்தனர். எழுத்தறிவு மட்டும் இருந்தால் போதும். பொது மகிழ்ச்சியில் காது கேளாதோர் எவருடைய தயவுமின்றிப் பங்குபெற்ற அரிய காலம் அது.

1927-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' என்னும் படம் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து சில ஆண்டுகளிலேயே ஹாலிவுட் முழுமையும் பேசத் தொடங்கிற்று. நம் நாட்டில் 1931-இல் 'ஆலம் ஆரா'வும், அதே ஆண்டில் தமிழ் பேசிய 'காளிதாஸ்' படமும் வந்தன. உலகம் ஆரவாரித்தது. எழுத்து அட்டைகள் தேவையற்றனவாகிக் கைவிடப்பட்டன. அரங்கின் ஒரு மூலையில் சிலருக்கு மட்டும் அன்றே படம் ஊமையாகிப்போனதை அந்த ஆரவாரத்தில் எவரும் கருதவில்லை. ஒரு முன்னேற்றம் பலருக்குக் கதவு திறக்கும்போது சிலருக்கு அதே கதவு மூடுவதும் உண்டு என்பதை இவ்வரலாறு மீண்டும் மீண்டும் காட்டும்.

மூடிய கதவை முதலில் தட்டியவர் எமர்சன் ரொமேரோ. கியூபாவில் பிறந்தவர், காது கேளாதவர், 'டாமி ஆல்பர்ட்' என்ற பெயரில் அமெரிக்க ஊமைப்படங்களில் நடித்தவர். பேசும் படம் வந்த பின் தம்மைப் போன்றோர் இழந்ததை மீட்க எண்ணி, 1947-இல் அவர் பழைய படச்சுருள்களை வாங்கினார். சுருளை வெட்டி, உரையாடல் எழுதிய சட்டங்களைக் காட்சிகளுக்கிடையே ஒட்டினார். அவற்றைக் காது கேளாதோர் சங்கங்களுக்கு வாடகைக்கு அனுப்பினார். இம்முறையில் குறைகள் உண்டு. படம் இடையிடையே அறுபட்டது. அதன் நீளமும் பெருகியது. ஆயினும் இருபது ஆண்டு மௌனத்திற்குப் பின் திரையில் மீண்டும் எழுத்து தோன்றியது. அரசோ பெரு நிறுவனமோ அதைத் தரவில்லை. காது கேளாத ஒருவரே தமக்கும் தம்மவர்க்கும் அதைச் செய்துகொண்டார்.

பாரிசிலிருந்து ஹார்ட்ஃபோர்டு வரை

அடுத்த முயற்சி கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தது. அங்குள்ள அமெரிக்கக் காது கேளாதோர் பள்ளியின் தலைவர் எட்மண்ட் போட்னர். அவரும் அவர்தம் துணைவர்களும் படத்தின் மீதே எழுத்தைப் பொறித்து, பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் இரவலாக அளிக்கும் அமைப்பொன்றை உருவாக்கினர்.

இப்பள்ளியின் வேரைத் தேடினால் நாம் ஒரு கத்தோலிக்கக் குருவிடம் சென்று சேர்கிறோம். ஷார்ல் மிஷேல் தெ லெப்பே (1712 - 1789) என்னும் அக்குரு, பாரிஸ் நகரின் எளிய இல்லமொன்றில் காது கேளாத இரு சகோதரியரைக் கண்டார் என அவர் வரலாறு கூறும். மறைக்கல்வி பெறாமலே இவர்கள் வாழ்ந்து மடிவதா என்ற கவலையே அவரை ஆசிரியராக்கிற்று. ஏறத்தாழ 1760 முதல் அவர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஊதியமின்றிக் கற்பித்தார். அவர் செய்த பெரும் செயல் ஒன்று உண்டு: பிள்ளைகளைத் தம் மொழிக்கு இழுக்குமுன், அவர்களுடைய சைகைகளைத் தாம் கற்றார். அப்பள்ளியில் பயின்ற காது கேளாத ஆசிரியர் லொரான் கிளேரை, தாமஸ் காலடெட் என்னும் அமெரிக்க மறைப்பணியாளர் கடல் கடந்து அழைத்துச் சென்றார். இருவரும் 1817-இல் தொடங்கியதே ஹார்ட்ஃபோர்டு பள்ளி. செவி வழியே விசுவாசம் பிறக்கும் என்று பவுலடியார் எழுதியதை ஒட்டி, காது கேளாதோர்க்கு விசுவாசமே எட்டாதோ என ஐயுற்ற காலமும் நம் திருச்சபையில் இருந்தது. கண்ணும் கையும் அச்செய்தியைச் சுமக்கும் எனத் தம் வாழ்வால் மறுமொழி தந்தவர்களுள் ஒருவர் இக்குரு.

போட்னர் குழுவினரின் பணி தனியார் நன்கொடையை நம்பி நடந்தமையால் வளர இயலவில்லை. 1958-இல் அமெரிக்க அரசு தனிச்சட்டம் இயற்றி அப்பொறுப்பை ஏற்றது. அத்துறையில் நெடுங்காலம் உழைத்துத் தலைமைப் பொறுப்பும் ஏற்ற மால்கம் நார்வுட் என்பாரும் காது கேளாதவரே.

வீட்டினுள் வந்த எழுத்து

திரையரங்கைவிடத் தொலைக்காட்சி பெரிய சிக்கலாக அமைந்தது. வீடுதோறும் அது பேசிற்று; செய்தி, தேர்தல், புயல் எச்சரிக்கை அனைத்தும் அதன் வாயிலிருந்தே வந்தன. 1972-இல் பாஸ்டன் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஜூலியா சைல்டு நடத்திய 'தி பிரெஞ்ச் செஃப்' என்னும் சமையல் நிகழ்ச்சியை எழுத்துவரியுடன் ஒளிபரப்பிற்று. நாடு தழுவிய ஒளிபரப்பில் அதுவே முதலாவது எனக் கூறுவர். மறு ஆண்டின் இறுதியில், ஏபிசி நிறுவனத்தின் மாலைச் செய்தியை அதே நிலையத்தார் பதிவு செய்து, விரைந்து எழுத்திட்டு, அன்றிரவே மறு ஒளிபரப்புச் செய்தனர். நாட்டு நடப்பை அண்டை வீட்டாருக்குச் சில மணி நேரம் பிந்தியேனும் அதே நாளில் அறிந்துகொள்ளும் வாய்ப்பு அப்போதுதான் கிட்டியது.

எழுத்து எல்லார் திரையிலும் தோன்றியதால் கேட்பவருள் சிலர் முகஞ்சுளித்தனர். வேண்டுவோர்க்கு மட்டும் எழுத்தைக் காட்ட வழி தேடப்பட்டது. அந்நாட்டுத் தொலைக்காட்சிப் படம் 525 கோடுகளால் ஆனது. அவற்றுள் சில கண்ணுக்குப் புலப்படாதவை. அத்தகைய 21-ஆம் கோட்டில் எழுத்தை மறைத்தனுப்பி, வீட்டில் ஒரு தனிப் பெட்டியால் அதை மீட்டெடுக்கும் முறை வகுக்கப்பட்டது. 1976-இல் அக்கோடு இதற்கென ஒதுக்கப்பட்டது. 1980 மார்ச் 16 அன்று ஒளிபரப்பு தொடங்கிற்று. ஆனால் பெட்டியின் விலை ஏறத்தாழ 250 டாலர். எழுத்து வானில் வந்துகொண்டிருந்தது. ஏழையின் வீட்டுத் திரை வெறுமையாகவே இருந்தது. 1990-இல் இயற்றிய சட்டமே இதற்குத் தீர்வு கண்டது. 1993 ஜூலை முதல், 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லாத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் எழுத்தை மீட்கும் கருவி உள்ளேயே அமைந்திருக்க வேண்டுமென அச்சட்டம் விதித்தது.

நேரடி ஒளிபரப்புக்கு எழுத்திடுவது மற்றொரு மலை. 1982-இல் ஆஸ்கர் விருது விழாவின்போது இது அமெரிக்காவில் நிறைவேறியது. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் கையாளும் பொறியில் பல விசைகளை ஒருசேர அழுத்தி, சொல்லின் ஒலியையே பதிந்து, நிமிடத்திற்கு 200 சொற்களுக்கு மேல் எழுத வல்லவர்கள் அப்பணியைச் செய்தனர். அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். ஆதலால் அத்தகையோர் எண்ணிக்கை என்றும் குறைவே. இந்த நெருக்கடியே இயந்திரத்தை நோக்கி மனிதரைத் திருப்பியது.

இயந்திரம் கேட்கக் கற்றது

பேச்சைக் கேட்டு எழுதும் பொறி ஒரு பழைய கனவு. 1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் செய்த பொறி, பழகிய ஒருவர் நிறுத்தி நிறுத்திச் சொன்ன எண்களை மட்டும் இனங்கண்டது. 1962-இல் ஐபிஎம் நிறுவனம் காட்சிக்கு வைத்த பொறி 16 சொற்களை அறிந்தது. ஒரு குழந்தை ஓராண்டில் எய்துவதை இப்பொறிகள் பத்தாண்டு முயன்றும் எய்தவில்லை.

1970-களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஃப்ரெடெரிக் ஜெலினெக் தலைமையில் அமைந்த குழுவினர் வேறொரு பாதையைத் தேர்ந்தனர். இலக்கண விதிகளையும் பொருளையும் இயந்திரத்துக்குப் புகட்டுவதை விடுத்து, எந்த ஒலியை அடுத்து எந்த ஒலி வரும், எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரும் என்னும் நிகழ்தகவைப் பெருந்தொகுதிகளிலிருந்து கணக்கிடச் செய்தனர். நாமும் அறியாமல் இதைச் செய்கிறோம். 'கோயில் மணி' என்று ஒருவர் சொல்ல, அடுத்த சொல்லை ஓர் இருமல் விழுங்கிவிட்டாலும் 'அடித்தது' என்று நாம் நிரப்பிக்கொள்கிறோம். பெரும்பாலும் நாம் நினைத்ததே சரியாக இருக்கும். ஆனால் மணி அன்று திருடுபோயிருக்கவும் கூடும்.

இந்த ஊகமே இன்றுவரை இத்துறையின் உயிர்நாடி. கணிப்பொறிகளின் ஆற்றல் பெருகப் பெருக ஊகமும் கூர்மையடைந்தது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் கூகுள் நிறுவனம், யூடியூப் தளத்தின் காணொளிகளுக்குத் தானியங்கி எழுத்துவரி அமையும் என அறிவித்தது. அதை உருவாக்கிய பொறியாளர்களுள் முதன்மையானவர் கென் ஹாரென்ஸ்டீன். அவரும் காது கேளாதவர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. அக்காலத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 20 மணி நேரக் காணொளி அத்தளத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. உலகிலுள்ள சுருக்கெழுத்தாளர் அனைவரும் கூடினாலும் அதை எழுதி முடிக்க இயலாது. இயந்திரம் பிழைபடும் என்பதை அறிந்தே, ஒன்றுமில்லாமைக்கு இது மேல் என்று அதை வெளியிட்டனர். முதலில் சில பல்கலைக்கழக ஒளிவழிகளில் தொடங்கி, 2010-இல் ஆங்கிலக் காணொளிகள் அனைத்துக்கும் அது விரிவடைந்தது. 2017-இல் இவ்வாறு எழுத்துப் பெற்ற காணொளிகள் நூறு கோடியை எட்டின. இதை இகழ்வது நன்றியின்மை. முன்பு ஒரு சொல்லும் எட்டாத கடலில் இப்போது கைக்கு ஒரு கயிறேனும் எட்டுகிறது.

கேலியும் வழக்கும்

ஆயினும் அக்கயிறு அடிக்கடி அறுந்தது. தொடக்ககாலத் தானியங்கி எழுத்துவரிகள் நகைப்புக்குரியனவாக இருந்தன. பெயர்கள் சிதைந்தன, நிறுத்தக்குறிகள் இல்லை, யார் பேசினார் என்பது விளங்கவில்லை. கேட்பவர் சிரித்தனர். ஏனெனில் ஒலியையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பிழையைக் காண அவர்களால் முடிந்தது. காது கேளாதவர்க்கு அது வேடிக்கையாக இல்லை. அவர்க்கு எழுத்து ஒன்றே உண்டு.

இக்குறை நீதிமன்றத்தையும் எட்டியது. அமெரிக்கத் தேசியக் காது கேளாதோர் சங்கம் 2015-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீதும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. உலகுக்கு இலவசமாய் வழங்கும் பாடங்களில் பல எழுத்துவரியே இன்றியும், சில புரியாத எழுத்துவரியோடும் உள்ளன என்பது அதன் முறையீடு. 2019-இலும் 2020-இலும் இருவரும் உடன்பாட்டுக்கு வந்து, திருத்தமான எழுத்துவரி வழங்க இசைந்தனர்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது வேறு. அதன் பாடங்கள் காது கேளாதோர்க்கும் பிறர்க்கும் எட்டாதனவாக உள்ளன என அமெரிக்க நீதித்துறை 2016-இல் சுட்டிக்காட்டியது. திருத்தும் செலவை அஞ்சிய பல்கலைக்கழகம், 2017-இல் 20,000-க்கு மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்தே அகற்றிவிட்டது. பந்தியில் சிலருக்கு இலை போட இயலாதென்று பந்தியையே எடுத்துவிட்ட கதை இது. பழி யார்மீது விழுந்தது? முறையிட்ட காது கேளாதோர் மீதே என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். 2022-இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பின்னரே அப்பல்கலைக்கழகம் தன் பதிவுகளைச் சீர்செய்ய ஒப்பியது.

இயந்திரம் எல்லார் குரலையும் ஒன்றுபோல் கேட்பதில்லை என்பதும் தெரியவந்தது. புகழ்பெற்ற ஐந்து நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்து 2020-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, வெள்ளை அமெரிக்கர் பேசிய 100 சொற்களில் சராசரியாக 19 பிழைகளும், கறுப்பின அமெரிக்கர் பேசிய 100 சொற்களில் 35 பிழைகளும் நேர்ந்ததைக் காட்டிற்று. பயிற்சிக்காலத்தில் எவர் குரலை மிகுதியாகக் கேட்டதோ, அவர் சொல்லை அது நன்கறியும். மற்றவர் சொல்லுக்குத் தான் அறிந்ததை எழுதும்.

மௌனத்தில் பிறந்த சொற்கள்

2022-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் 'விஸ்பர்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. 6,80,000 மணி நேரப் பேச்சில் பயிற்றப்பட்ட அது, முந்தைய பிழைகளை வியக்கத்தக்க வகையில் குறைத்தது, நிறுத்தக்குறிகளையும் இட்டது. தமிழும் அது அறிந்த மொழிகளுள் ஒன்று. ஆனால் அம்மென்பொருளின் குறையொன்றை 2024-இல் ஆய்வாளர் சிலர் வெளிப்படுத்தினர். அவர்கள் சோதித்த ஒலிப்பதிவுகளில் ஏறத்தாழ 100-க்கு ஒன்றில், எவருமே பேசாத சொற்றொடர்களை அது முழுமையாகப் புனைந்து எழுதியிருந்தது. அப்புனைவுகளுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவை வன்முறையையோ பொய்ச் செய்தியையோ பேசியவர் தலையில் ஏற்றுவனவாக இருந்தன. மூளைத் தாக்குதலால் பேச்சுத் தடுமாறுவோர் பேசியபோது இது மிகுந்தது. அவர்கள் ஒரு சொல்லைத் தேடி நெடுநேரம் மௌனமாய் நிற்பர். அந்த மௌனம் இயந்திரத்துக்குப் பொறுக்கவில்லை. அதை இட்டு நிரப்பியது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய இயந்திரத்தின் பிழை கந்தல் உடுத்தி வந்தது. படித்தவுடனே இது பிழையென்று காது கேளாதவரும் அறிவார், ஐயுற்று விசாரிப்பார். புதிய இயந்திரத்தின் பிழை நன்றாக உடுத்தி வருகிறது. இலக்கணம் வழுவாத, பொருள் பொருந்திய, நம்பத்தக்க வாக்கியமாக அது நிற்கிறது. கேட்கும் நாமே கவனியாவிடில் ஏமாறுவோம். ஒப்பிட்டுப் பார்க்க ஒலியே இல்லாதவர் என் செய்வார்? பிழைகளின் எண்ணிக்கை குறைந்துள்ளது. எஞ்சிய பிழையைக் கண்டறிவதோ அரிதாகிவிட்டது.

செக்கரியாவின் இல்லத்துக்கு மீண்டும் செல்வோம். அன்று அங்கே செக்கரியாவுக்காக எழுத இந்த இயந்திரம் இருந்திருந்தால் பலகையில் எப்பெயர் தோன்றியிருக்கும்? அவர் வாயிலிருந்து ஒலி வரவில்லை. மௌனத்தை நிரப்ப வேண்டும். எட்டாம் நாள், ஒரே மகன், குருக்குலத்துக் குடும்பம், கூடியிருக்கும் சுற்றம்: இவற்றை அடுத்துப் பெரும்பாலும் வரக்கூடிய பெயர் எது? செக்கரியா என்றே அது எழுதியிருக்கும். அண்டை வீட்டார் ஊகித்ததும் அதுவே. ஊகம் நியாயமானது, வழக்கத்தோடு பொருந்துவது, ஆனால் உண்மை அன்று. இறைவன் செய்த புதியது அந்த ஒரு பெயரில்தான் இருந்தது. வழக்கத்தை மட்டுமே அறிந்த எழுத்து அதைத் தவறவிட்டிருக்கும்.

நம் வீட்டுப் பலகை

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுச் செய்திகள் என்று நாம் அமைதியடைய முடியாது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் காது கேளாதோர்க்குச் செய்தியும் நிகழ்ச்சியும் எட்டவேண்டுமென வலியுறுத்துகிறது. 2019-இல் தொலைக்காட்சிகளுக்கென மைய அரசு இதற்கான நெறிமுறைகளையும் வகுத்தது. 2020-இல் பெருந்தொற்றால் கோயில்கள் அடைபட்டிருந்தபோது, திருப்பலியும் மறையுரையும் காணொளியாக நம் இல்லங்களுக்கு வந்தன. அன்று தொடங்கிய வழக்கத்தைப் பல பங்குகள் இன்றும் தொடர்கின்றன. பீடத்தையும் மெழுகுதிரியையும் குருவின் உதட்டசைவையும் மட்டுமே கண்டு அமர்ந்திருக்கும் ஒரு சகோதரரையோ சகோதரியையோ அக்காணொளிகளை ஒளிபரப்பும் நாம் எண்ணியதுண்டா?

இயந்திரம் இருக்கிறதே, அதுவே எழுதட்டும் என்று விடுவது எளிது. ஆனால் விஸ்பர் பயின்ற 6,80,000 மணி நேரத்தில், ஆங்கிலம் நீங்கிய ஏனைய 96 மொழிகளும் அவ்வம்மொழியிலேயே எழுத்துப் பெற்ற பேச்சு ஏறத்தாழ 1,17,000 மணி நேரமே. அதில் தமிழுக்குக் கிடைத்தது ஒரு சிறு துளி. மேலும் நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது மற்றொரு தமிழ். மறையுரையாளர் 'போயிட்டு வந்தாங்க' என்பார். எழுத்து 'போய்விட்டு வந்தார்கள்' என்று நிற்கும். கடற்கரை ஊர்களின் பேச்சு ஒருவகை, கரிசல் நிலத்தின் பேச்சு வேறு வகை. நம் பெயர்களையும் எண்ணுங்கள்: இராயப்பர், சின்னப்பர், சூசையப்பர். யோவானையே நம் முன்னோர் அருளப்பர் என்றுதான் அழைத்தனர். வழக்கத்தில் மிகுதியாக வருவதையே எழுதப் பழகிய இயந்திரம், நம் பாட்டிமார் நாவில் மட்டும் வாழும் இப்பெயர்களை எவ்வளவு கேட்டிருக்கும்?

ஆதலால் இயந்திரம் எழுதியதைக் கேட்கும் ஒருவர் அமர்ந்து, ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துவது கட்டாயம். இது பெரும் பொருட்செலவு வேண்டும் பணி அன்று. பங்கின் இளைஞர் இருவர் ஞாயிறு மாலையில் சில மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மறையுரை சீராகும். மறையுரையை எழுதிவைத்துப் பேசும் குருக்கள் அந்தப் படியையே தந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாசகங்களோ முன்னரே அச்சில் உள்ளன. கோயிலில் வாசகம் வாசிப்பதையும் பாடற்குழுவில் பாடுவதையும் திருப்பணி எனக் கருதும் நாம், இதையும் அவ்வரிசையில் வைக்கலாம். பொய்ச்சான்று சொல்லாதிருக்க நாம் கற்பிக்கப்பட்டுள்ளோம். ஒருவர் கூறாததைக் கூறியதாக எழுதி, சரிபார்க்க இயலாதவர் முன் வைப்பது அக்கட்டளையை மிகவும் நெருங்கி வருகிறது.

அத்துடன் ஒன்று செய்ய வேண்டும். ரொமேரோ, நார்வுட், ஹாரென்ஸ்டீன் ஆகியோர் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால், இவ்வரலாற்றின் பெருந்திருப்பங்கள் பலவற்றில் காது கேளாதோரே நின்றதைக் காண்கிறோம். லெப்பே அடிகளாரும் முதலில் அவர்களிடம் மாணவராக அமர்ந்தார். நம் பங்கிலோ அண்டைப் பங்கிலோ காது கேளாத ஒரு குடும்பம் இருக்குமாயின், அவர்களுக்காக எதையும் தொடங்குமுன் அவர்களைச் சந்திப்போம். எழுத்தின் அளவு போதுமா, ஓடும் வேகம் தகுமா, சைகைமொழி வல்லவர் ஒருவரும் உடன் வேண்டுமா என்று அவர்களையே கேட்போம். தெக்கப்பொலி நாட்டில் ஆண்டவர் இயேசு காது கேளாத மனிதரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றதாக மாற்கு எழுதுகிறார். அவசரமாய்க் கூட்டத்தின் நடுவில் அதைச் செய்து முடிக்காமல், அந்த ஒருவர்க்காக அவர் நேரம் ஒதுக்கினார்.

செக்கரியாவின் சுற்றத்தார் ஊகிப்பதில் விரைந்தவர்கள்தாம். ஆயினும் அவர்களுக்குரிய பெருமை ஒன்றுண்டு. ஐயம் எழுந்தபோது அவரை நோக்கிச் சைகை செய்தனர். அவர் கேட்ட பலகையைக் கொண்டுவந்து கையில் தந்தனர். எழுதி முடிக்கும்வரை காத்திருந்தனர். எதிர்பாராத பெயரைப் படித்தபின் அதை மாற்றவில்லை. அந்த அளவு பொறுமை நம் பங்குகளிலும் இருக்குமாயின், வரும் ஞாயிறு மறையுரையிலிருந்தே நாம் தொடங்கலாம்.